அம்மாவுக்கு ஒரு கிளாஸ் கிம்லெட்

பட்டாபிராம்
20.8.1989

அன்புள்ள அண்ணனுக்கு,

நாகவல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்படி எழுதினால்தான் கடிதம் ஆரம்பித்த மாதிரி இருக்கும் என்பதால் எழுதினேன், மற்றபடி உன் மேல் எனக்கு ஏகப்பட்ட கோபம். போன கடிதத்தில் ஒரு விஷயம் கேட்டிருந்தேன். நீ பஹ்ரைன் வெயிலைப் பற்றி ஒரு பக்கம், ஓட்டல் சாப்பாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, நான் கேட்டதை மட்டும் படிக்காத மாதிரி விட்டுவிட்டாய். கண்ணில் படவில்லையா, படக்கூடாது என்று விட்டாயா?

திரும்பவும் கேட்கிறேன். கார்த்திகை வந்தால் அம்மா போய் ஒரு வருஷம். முதல் வருஷப் படையல் என் வீட்டில்தான். அப்பாவுக்குப் படைத்தபோது அவருக்குப் பிடித்த பீடிக்கட்டும் வஞ்சிரம் வறுவலும் வைத்தோம். மிலிட்டரி மெஸ்ஸில் ஆபீசர்களுக்கு ஊற்றிக் கொடுத்தே காலம் தள்ளிய மனுஷன் தன் வாயில் ஒரு சொட்டு வைத்ததில்லை, அதனால் பாட்டில் வைக்கவில்லை. சரி. அம்மாவுக்குப் பிடித்தது என்ன? சம்பள நாளில் அப்பா சைக்கிளில் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து கலக்கிக் கொடுப்பாரே, ஜின்னும் எலுமிச்சையும் கலந்த அந்த ஒரு கிளாஸ் கிம்லெட். "வெள்ளக்காரன் பானகம்" என்று சொல்லிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பாள். நாளெல்லாம் குவார்ட்டர்ஸ் கட்டட வேலையில் கலவைச் சட்டி சுமந்த கழுத்து அன்றைக்குத்தான் நிமிரும்.

அதைத்தான் படைக்கப் போகிறேன். எதிர்வீட்டு கோவிந்தராஜ் அண்ணன் மிலிட்டரி கேன்டீனிலிருந்து ஒரு ஜின் பாட்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பக்குவம் எனக்குத் தெரியாது. பெண்பிள்ளைக்கு எதற்கு என்று அப்பா உனக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பக்குவம்தான் இன்றைக்கு ஓட்டல் பாரில் உனக்குச் சோறு போடுகிறது. ஒரு தாளில் எழுதி அனுப்பு, போதும்.

உன் தங்கை,
நாகவல்லி


மனாமா, பஹ்ரைன்
5.9.1989

அன்புள்ள நாகு,

நான் நலம். மாப்பிள்ளை தங்கவேலுவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

நீ கேட்டதைப் படித்தேன், நன்றாகவே படித்தேன். உனக்கு மூளை இருக்கிறதா? வேம்புலியம்மாள் அத்தை வருவார்கள். கொரட்டூரிலிருந்து உன் அண்ணி பத்மாவும் அவளைப் பெற்றவர்களும் வருவார்கள். தெருவே வந்து நிற்கும். அவர்கள் முன்னால் பெற்ற தாயின் படத்துக்கு எதிரே சரக்கு ஊற்றி வைப்பாயா? நாளைக்கு ஆவடி ஸ்டேஷனில் நிற்கிறவன்கூட, கன்னியப்பன் பெண்டாட்டி குடிகாரி என்று பேசுவான். அப்பா மெஸ்ஸில் வேலை பார்த்ததே நமக்குப் போதுமான பேச்சு.

நீ சின்னவள், உனக்கு ஞாபகம் இருக்காது. ஸ்கூலில் என்னைச் சுற்றி நின்று, "உங்கம்மா சரக்கடிக்கும் போலகீதே" என்று கேட்டான்கள். ஒருத்தன் பல்லை உடைத்தேன், என் சட்டையும் கிழிந்தது. வீட்டுக்கு வந்து ஏன் கிழிந்தது என்று சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அம்மாவிடமே உதை வாங்கினேன்.

பொம்பளைக்கு என்ன படைப்பார்களோ அதைப் படை. புடவை, பூ, வெற்றிலை பாக்கு. புடவையை நான் அனுப்புகிறேன். டிசம்பரில் எடுக்க இருந்த லீவைப் படையலுக்குத் தகுந்த மாதிரி முன்னாலேயே எடுக்கப் பார்க்கிறேன். நான் வரும்போது இந்தப் பேச்சு இருக்கக்கூடாது.

மணவாளன்


பட்டாபிராம்
18.9.1989

அண்ணனுக்கு,

அம்மாவிடம் உதை வாங்கினது உனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரி ஞாபகம் இருக்கிறதா? அதைப் பற்றி ஒரு வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்தேன். இனி முடியாது, கேள்.

நீ அன்றைக்கு லீவில் வந்து அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். டாக்டரம்மா நம் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டு, "கேட்டதைக் குடுங்க, எதுவும் வேணாம்னு சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி உள்ளே போனோம். அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா, நாக்கு செத்துக்கீதுடா. உங்கப்பா கலக்குற மாதிரி ஒரு வாய் கலக்கிக் குடேன்" என்றாள். நீ அக்கம்பக்கம் பார்த்தாய். "இன்னாம்மா இது, நர்சுங்கலாம் கீறாங்க, மானத்த வாங்காத" என்றாய். அம்மா கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்கப்புறம் அவள் யாரிடமும் எதுவும் கேட்கவே இல்லை.

பஹ்ரைனில் எந்த ஊர்க்காரியோ வந்து உட்கார்ந்து விரலை ஆட்டினால் குலுக்கிக் குலுக்கி ஊற்றுவாய். பெற்றவள் கேட்டால் மானம் போகிறதா உனக்கு? எந்த மானம் அது? யாருடைய மானம்?

நான் கலக்கத்தான் போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை செய்து பார்த்தேன். அப்பா பக்கத்தில் சோடா பாட்டில் இருந்த மாதிரி ஒரு ஞாபகம். ஜின், எலுமிச்சம்பழச் சாறு, சர்க்கரை, கோலி சோடா எல்லாவற்றையும் எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மூடியை இறுக்கி, அப்பா மாதிரியே தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கினேன். மூடி பறந்துபோய்ச் சாமி காலண்டரில் அடித்தது. என் தலை, புடவை, சுவர், எல்லாம் ஜின். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஓடி வந்து, "அடிப்பாவி, எங்க டேங்கு ஃபேக்டரிலகூட இப்பிடி வெடிச்சதில்ல" என்கிறார். சிரிக்காதே. நீ ஒரு வரி எழுதியிருந்தால் அரை பாட்டில் மிச்சமாகியிருக்கும்.

நாகவல்லி


மனாமா
6.10.1989

அன்புள்ள நாகு,

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதக்கூடாது என்று இருந்தேன். ஆஸ்பத்திரியில் நடந்ததை இப்போது கிளறி உனக்கு என்ன வரப்போகிறது? அவ்வளவு பேர் இருந்த வார்டில் அதை எப்படிச் செய்ய முடியும்? உனக்குப் பேசுவது சுலபம்.

உனக்கு ஒரு உண்மை சொல்கிறேன், அதற்கப்புறமாவது அடங்கு. அப்பா அம்மாவுக்குக் கலக்கிக் கொடுத்ததில் ஜின்னே கிடையாது. எலுமிச்சையும் சர்க்கரையும் ஐஸும்தான். அப்பா சும்மா விளையாட்டுக்குக் கிம்லெட் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார், அம்மாவும் அதை நம்பினாள். நம் அம்மா குடித்தவளே இல்லை. ஆகையால் நீ படைக்க வேண்டியது எலுமிச்சைச் சர்பத்து. அதை யார் வேண்டுமானாலும் போடலாம், என்னைக் கேட்கத் தேவையில்லை.

இங்கிருந்து ஊருக்கு வருகிற ஒருவரிடம் அம்மாவுக்குப் பட்டுப்புடவை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அரக்கு கலர், ஜரிகை பார்டர். படத்துக்குச் சாத்து. ஜின் பாட்டிலைக் கோவிந்தராஜிடம் திருப்பிக் கொடுத்துவிடு. அது இருக்கும் வீட்டுப் படையலுக்கு நான் வரமாட்டேன்.

மணவாளன்


பட்டாபிராம்
20.10.1989

அண்ணனுக்கு,

அடேயப்பா, என்ன உண்மை! எழுதும்போது கை கூசவில்லையா?

அந்தக் கிளாஸின் அடியில் மிஞ்சுவதை யார் குடிப்பார்கள் என்று உனக்குத் தெரியுமா? நான். அம்மா முழுக்கக் குடிக்கமாட்டாள், எனக்கென்று ஒரு மடக்கு விட்டு வைப்பாள். ஒரு நாள் தெரியாத்தனமாக அதிகம் விட்டுவிட்டாள். நான் குடித்துவிட்டு அரிசி மூட்டை மேல் சாய்ந்து தூங்கிப் போனேன். அப்பா வந்து பார்த்து அம்மாவைத் திட்டின திட்டு இன்னும் காதில் இருக்கிறது. சர்பத்து குடித்தா தூங்கினேன்? நீ அப்போது டியூஷனில் இருந்தாய்.

அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று அப்பாவைப் பொய்யராக்குகிறாய், அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. ஜின் இல்லாமல் கிம்லெட் என்று மெஸ்ஸில் யாருக்காவது கொடுத்திருந்தால் கன்னியப்பன் அங்கே ஒரு நாள் நின்றிருப்பாரா? பெண்டாட்டிக்கு மட்டும் ஏமாற்றிக் கொடுப்பாரா? அவள் கேட்டது அவர் கைத்தொழிலைத்தான். அவள் குடித்தபோதுதான் அந்த மனுஷன் மெஸ் சிப்பாய் மாதிரி நிற்காமல், பக்கத்தில் உட்கார்ந்து, "எப்பிடிம்மே கீது?" என்று கேட்பார். அம்மா கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, "புளிப்பு ஒரு சிட்டிகை தூக்கல்யா" என்பாள். சரியாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வாள். அவர் அதற்குத்தான் சிரிப்பார்.

இன்னொன்றும் சொல்லட்டுமா? உன் கல்யாணத்துக்கு மறுவாரம் நீ அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, புது மருமகள் வந்திருக்கிறாள், இனி அது வேண்டாம் என்று சொன்னாய். கதவுக்குப் பின்னால் நான் இருந்தேன். அம்மா அதோடு விட்டுவிட்டாள். அப்பா அடுத்த சம்பள நாளும் ஐஸ் வாங்கி வந்து கலக்கினார். அம்மா வேண்டாம் என்றாள். அவர் கொஞ்ச நேரம் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, தொட்டி முற்றத்தில் கொட்டினார். அந்த முகத்தை நீ பார்க்கவில்லை.

புடவை வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்குப் பட்டு பிடிக்காது என்பதுகூட உனக்குத் தெரியவில்லை. பாட்டில் இந்த வீட்டில்தான் இருக்கும். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

நாகவல்லி


மனாமா
8.11.1989

நாகவல்லிக்கு,

லீவை ரத்து செய்துவிட்டேன். உன் இஷ்டப்படி நடத்திக்கொள். பத்மா மட்டும் வருவாள். அவளையும் வேண்டாம் என்றுதான் சொன்னேன், கேட்கவில்லை.

மணவாளன்


பட்டாபிராம்
3.12.1989

அண்ணனுக்கு,

படையல் முடிந்தது. நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம், அதனால் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

எலுமிச்சைச் சாறு ஐந்தாறு நாள் கெடாமல் இருக்க வேண்டுமே என்று, ஊறுகாய்க்குச் செய்கிற மாதிரி பழத்தைத் தோலோடு நறுக்கி, சர்க்கரை போட்டு, நன்றாகக் கொதிக்க வைத்து வடிகட்டி பாட்டிலில் ஊற்றி வைத்தேன். அன்றைக்குக் காலையில் என் வீட்டுக்காரர் போய் ஐஸ் வாங்கி வந்தார். இந்தத் தடவை சோடா இல்லை. ஐஸை உலக்கையால் இடித்துப் பொடியாக்கிப் போட்டு, ஈரத்துணி சுற்றித் தூக்கைக் குலுக்கினேன். கை மரத்துப் போச்சு. அப்பாவின் பழைய காம்பு கிளாஸ் ஒன்று மிஞ்சியிருந்தது, அதில் ஊற்றி அம்மா படத்துக்கு முன்னால் வைத்தேன். பக்கத்தில் மீன் குழம்பு, முட்டை, வெற்றிலை பாக்கு, உன் புடவை.

அத்தை வந்ததுமே கண்டுகொண்டார்கள். வாசனை பிடித்துவிட்டார்கள். "இன்னாடி இது? பொம்பளைக்கு சரக்கு படைக்கிறியா? ஊரு சிரிக்காதா? உங்கண்ணன் இதுக்குத்தான் வரலையா?" என்று கூடத்தில் நின்று கத்தினார்கள். கொரட்டூர்க்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் விடவில்லை. "அப்பா பீடி பிடிச்சாரு, பீடி வெச்சோம். ஊரு சிரிச்சிச்சா? அம்மா இது குடிச்சா, இது வெக்கிறேன். கல்லு மண்ணு சொமந்தவ காசுல, கட்டினவன் கையால குடிச்சா. யார் ஊட்டுக் கதவையும் தட்டல. சிரிக்கிறவங்க வெளிய போய்ச் சிரிங்க" என்றேன். ஒருத்தரும் வெளியே போகவில்லை.

கற்பூரம் காட்டி, காக்கைக்கு வைத்து, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். படைத்த கிளாஸை வீணாக்கக் கூடாது இல்லையா, என் வீட்டுக்காரர் வழக்கப்படி ஆம்பிளைதானே குடிக்கவேண்டும் என்று கையை நீட்டினார். அத்தை அவர் கையில் ஒரு தட்டு தட்டினார்கள். "மாப்ளே, கைய எடு. பொம்பளைக்குப் படைச்சத பொம்பளைங்கதான் தொடணும். கிளாஸ இப்பிடி குடுடி." நான் எடுத்து நீட்டினேன். கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தார்கள். முகத்தைச் சுளித்தார்கள்.

"கசக்குதேடி" என்றார்கள். "உங்கம்மா ஒரு தபா எனக்கு ஊத்திக் குடுத்தா. அது இப்பிடி கசக்கல. தேவாமிர்தமா இருந்துச்சு."

அப்படியென்றால் இத்தனை நேரம் ஊர் சிரிக்கும் என்று கத்தினது எதற்கு என்று கேட்டேன். "அது வேற, இது வேற" என்று இன்னும் ஒரு மடக்கு குடித்துவிட்டு அண்ணியிடம் கொடுத்தார்கள். பத்மா அண்ணி பெற்றவர்கள் எதிரிலேயே வாங்கிக் குடித்தார்கள். குடித்துவிட்டு அழுதார்கள். "எனக்காகவா உங்கம்மா இத உட்டாங்க? என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே ஐஸ் ஒடச்சிக் குடுத்திருப்பேனே" என்றார்கள். நான்தான் அண்ணியிடம் சொல்லியிருந்தேன். உன்னிடம் பேசிக்கொள்வார்கள், தயாராக இரு.

கடைசி மடக்கு எனக்கு. அத்தை சொன்னது சரிதான். கசந்தது. மருந்து மாதிரி அடித்தொண்டையில் நின்றது. இவ்வளவு சண்டை போட்டு, இவ்வளவு பேரை எதிர்த்து, கடைசியில் அம்மாவுக்குக் கசந்ததைத்தான் கொடுத்தேன். அன்று ஆஸ்பத்திரியில் நீ கொடுக்கவில்லை. இன்று நான் கொடுத்தும் அது சேரவில்லை. கூட்டம் போனதும் அடுப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

உனக்கு இது ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தைக்கூட நீ தரவில்லை. நல்லா இரு. ஜின் பாட்டிலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை நானே கொட்டிவிடுகிறேன், அன்றைக்கு அப்பா கொட்டின மாதிரியே.

நாகவல்லி


மனாமா
19.12.1989

நாகு,

கொட்டாதே.

யாராவது எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்க வைப்பார்களா? தோலோடு? அறிவு வேண்டாமா? பழத்தோலுக்கு உள்ளே இருக்கிற வெள்ளைதான் கசப்பு. அதையும் சேர்த்துக் கொதிக்க வைத்தால் கசக்காமல் என்ன செய்யும்? அப்பா இருந்திருந்தால் அந்தத் தூக்கை உன் தலையில் கவிழ்த்திருப்பார். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவே இல்லை. வேலையில் இரண்டு கிளாஸ் உடைத்தேன்.

எழுதுகிறேன், ஒழுங்காகப் படி. பழம் பச்சையாக இருக்க வேண்டும். மேல் தோலை மட்டும் கத்தியால் மெல்லிசாகச் சீவு, வெள்ளை துளிகூட வரக்கூடாது. சீவின தோலில் சர்க்கரை போட்டுக் கையால் பிசைந்து மூடி வை. மறுநாள் பார்த்தால் சர்க்கரை ஈரமாகி, வாசனை ஆளைத் தூக்கும். அதில் சாற்றைப் பிழிந்து, சர்க்கரை கரையும் வரை கலக்கி வடிகட்டு. அடுப்புப் பக்கமே போகாதே. இது ஒரு பங்கு, ஜின் இரண்டு பங்கு. அப்பா அம்மாவுக்கு ஜின்னைக் கொஞ்சம் குறைத்து ஊற்றுவார். குறைத்துத்தான், இல்லாமல் இல்லை. ஐஸைப் பொடியாக்கினால் தண்ணீர்தான் குடிப்பாய், கொட்டைப் பாக்கு அளவுக்கு உடை. தூக்கின் வெளிப்பக்கம் பனி பூத்து, கை பிடிக்க முடியாமல் போகும் வரை குலுக்கு. கிளாஸை முன்னாலேயே ஐஸ் தண்ணீரில் போட்டு வை. சோடா கிடையாது. அப்பா பக்கத்தில் இருந்த சோடா எனக்காக வாங்கி வந்தது, கலர் சோடா. நான் டியூஷன் விட்டு வந்து குடிப்பேன்.

பத்மா போனில் பேசினாள். பேசினாள் என்று எழுதுகிறேன், என்ன பேசினாள் என்று எழுத மாட்டேன்.

படையல் அன்றைக்கு இங்கே எனக்குச் சாயங்கால டியூட்டி. கூட்டம் இல்லை. கை தானாக எடுத்துக் கலக்கியது. அப்பா அளவு. ஊற்றிக் கவுண்டர் ஓரத்தில், யாரும் உட்காராத இடத்தில் வைத்தேன். மேனேஜர் வந்து, ஆர்டரே இல்லையே, இது யாருக்கு என்று கேட்டான். பக்கத்தில் கூட வேலை செய்கிற பையன்கள், இரண்டு கஸ்டமர், எல்லாரும் இருந்தார்கள். எங்கம்மாவுக்கு, அவங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும் என்றேன். கணக்கில் என் பெயரில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

தை அமாவாசைக்கு லீவு கேட்டிருக்கிறேன். கொடுத்துவிட்டார்கள். மார்க்கெட்டில் பச்சைப் பழமாகப் பார்த்து வாங்கி வை. ஐஸ் வாங்கி வர மாப்பிள்ளையிடம் சொல்லாதே, நானே சைக்கிளில் போய் வாங்கி வருகிறேன். அத்தையையும் வரச்சொல். அடியில் ஒரு மடக்கு உனக்கு வைப்பேன்.

உன் அண்ணன்,
மணவாளன்